அனிமே உலகம் சுற்றிய பாதை: அமெரிக்காவுக்கு முன்பே மணிலா, ரோம், பெய்ரூட்

ஏரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வரலாறு என்று யூடியூபில் தேடினால் எல்லாக் காணொளிகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 1988இல் 'அகிரா' வந்தது, மேற்கு நாடுகள் வாய்பிளந்தன, பிறகு 'டிராகன் பால்', 'போகிமான்', 2003இல் 'ஸ்பிரிட்டட் அவே'க்கு ஆஸ்கர், அப்புறம் கிரன்ச்சிரோல், நெட்ஃபிளிக்ஸ். இதில் எந்தத் தகவலும் பொய்யில்லை. ஆனால் இது அமெரிக்க ரசிகன் வீட்டுக்கு அனிமே வந்து சேர்ந்த கதை மட்டும்தான். மற்ற ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தது இதற்குப் பத்து வருடம் முன்னால்.

1978ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியில் 'மசிங்கர் இசட்'. ஏப்ரலில் இத்தாலியின் ராய் அலைவரிசையில் 'கிரெண்டைசர்'. ஜூலையில் அதே தொடர் பிரான்ஸில் 'கோல்டோராக்' என்ற பெயரில். அதே வருடம் பிலிப்பைன்ஸில் 'வோல்டஸ் ஃபைவ்'. இவை அத்தனையும் ராட்சத ரோபோ கதைகள். அத்தனையும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தவை.

ஏன் ஒரே வருடத்தில்? என் கணிப்பு இது. இத்தாலியில் 1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்பை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. உடனே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சேனல்கள் முளைத்தன. நேரத்தை நிரப்பச் சரக்கு வேண்டும், கையில் காசு கிடையாது. ஜப்பானிடமோ முடிந்துபோன தொடர்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. விளம்பரதாரர் பணத்தாலும் பொம்மை விற்பனையாலும் சொந்த நாட்டிலேயே போட்டதைத் தேற்றப் பார்த்த சரக்கு அது. வெளிநாட்டில் கிடைத்தவரை லாபம் என்று மலிவாகக் கொடுத்தார்கள்.

ஆக, அனிமே முதலில் உலகைச் சுற்றியது விலையால். அதன் கலையைப் பிறகுதான் கவனித்தார்கள். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

மின்மினி:

நான் மறுக்கிறேன் ஏரிக்கரை. 1978க்குப் பதினைந்து வருடம் முன்பே அமெரிக்காவுக்குப் போய்விட்டதே! ஒசாமு தெசுகா எடுத்த, ஆட்டம் என்ற ரோபோச் சிறுவனின் கதையான 'டெட்சுவான் ஆட்டம்' 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்று பெயர் மாறி அமெரிக்காவில் ஓடியது. வாங்கியது என்பிசியின் துணை நிறுவனம். ஜப்பானில் வந்த 193 எபிசோடுகளில் 104ஐ ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். 1967இல் 'ஸ்பீட் ரேசர்'. அறுபதுகளின் அமெரிக்கப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

விலைதான் காரணம் என்றால் வேறு யாருமே மலிவாக விற்கவில்லையா? மலிவான சரக்கு எல்லா ஊரிலும் உண்டு. நாற்பது வருடம் கழித்தும் அதை நினைத்து அழுகிறவர்கள் ஏன் இதற்கு மட்டும் இருக்கிறார்கள்?

கோட்டோவியன்:

இந்த இழையில் நான் எழுதாமல் இருக்க முடியாது. சென்னையில் 2டி அவுட்சோர்சிங் ஸ்டுடியோவில் கிளீன்-அப் (கோடுகளைத் திருத்துவது), இன்பிட்வீன் (முக்கிய ஓவியங்களுக்கு இடைப்பட்டவற்றை வரைவது) என்று பல வருடம் வேலை பார்த்தவன். விலை, கலை என்று நீங்கள் இரண்டாகப் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. வரைமேசையில் இரண்டும் ஒன்று.

டிஸ்னி முறையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம். தெசுகா வாரம் ஒரு அரைமணி எபிசோடு தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த வேகத்துக்கு 12 கட்டுப்படியாகாது. எனவே மூன்று ஃபிரேமுக்கு ஒரு ஓவியம், நொடிக்கு 8. அதுவும் அசைகிற இடத்தில் மட்டும். உடம்பு அப்படியே நிற்கும், வாய் மட்டும் திறந்து மூடும். ஒரே ஓவியத்தின் மேல் கேமரா நகரும். ஆட்டம் பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தி, வேறு வேறு வானத்தின் முன்னால் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள். இதற்கு 'பேங்க்' என்று பெயர், இன்றும் அதே சொல்தான்.

இப்படிச் சிக்கனம் பார்த்தபோது ஒன்று நடந்தது. அசைவு குறைந்ததால் ஷாட் கனமானது. டிஸ்னி பாத்திரம் சும்மா நிற்காது, எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருக்கும். ஜப்பானியத் தொடரில் பாத்திரம் நிற்கும். காற்றில் முடி மட்டும் அசையும். சிக்காடா பூச்சியின் சத்தம் கேட்கும். பார்க்கிறவர் அந்த இடைவெளியில் பாத்திரத்தின் மனதைப் படிக்கத் தொடங்கிவிடுவார். தெசுகா ஏற்கெனவே மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர். நின்றுபோன சித்திரத்தில் எப்படிப் பதற்றம் ஏற்றுவது, கட்டத்தை எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. காசில்லாத இடத்தை மாங்கா இலக்கணம் நிரப்பியது.

கூடவே தொடர்கதை. ஆட்டம் ஒரு விஞ்ஞானி தன் இறந்துபோன மகனுக்குப் பதிலாகச் செய்த ரோபோ. அவன் வளரவில்லை என்று கோபப்பட்டு அதே அப்பா அவனை சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். குழந்தைகள் தொடரின் ஆரம்பமே இது. மின்மினி கேட்ட கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது.

ஆனால் தெசுகா தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு எபிசோடைக் கொடுத்தார் என்பதும் உண்மை. மீதியை மெய்ஜி சாக்லேட்டின் ஸ்டிக்கர், பொம்மை உரிமம், வெளிநாட்டு விற்பனை இவற்றில் ஈடுகட்டலாம் என்று நினைத்தார். அடுத்து வந்த எல்லா ஸ்டுடியோக்களுக்கும் அதுவே சந்தை விலை ஆகிவிட்டது. 1973இல் அவருடைய முஷி புரொடக்‌ஷன் திவாலானது. 1989இல் தெசுகா இறந்த பிறகு, 'ஸ்பிரிட்டட் அவே' இயக்குநர் மியாசாகி இதைக் கடுமையாகவே எழுதினார். அஞ்சலி எழுதும் நேரத்தில் அப்படி எழுதினாரே என்று பலருக்கு வருத்தம். எனக்கு மியாசாகி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கிள்ளான்வாசி:

எல்லாரும் 1963இல் தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால் நாற்பத்தாறு வருடம் இருக்கிறது.

1917இல் ஷிமோகாவா, கோவுச்சி, கிதாயாமா என்று மூன்று பேர் தனித்தனியே படம் செய்தார்கள். மிஞ்சியவற்றில் மிகப் பழையது கோவுச்சியின் 'நமகுரா கதானா'. மழுங்கின வாளை வாங்கி ஏமாந்த சாமுராயின் கதை, சில நிமிடங்கள்தான். ஒசாகாவில் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்ததாக 2008இல் செய்தி வந்தது. பழைய படங்களில் பெரும்பகுதி 1923 கான்தோ நிலநடுக்கத்திலும் பிறகு போரிலும் அழிந்துவிட்டது.

நான் பேச வந்தது வேறு. ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் 1945 ஏப்ரலில் வெளியான 'மொமோதாரோ: கடலின் தெய்வீக வீரர்கள்'. 74 நிமிடம். பணம் கொடுத்தது ஜப்பானியக் கடற்படை. இயக்கியவர் மிட்சுயோ செயோ. நாட்டுப்புறக் கதையில் அரக்கர்களை வெல்லும் மொமோதாரோ இதில் படைத்தளபதி. தெற்கே ஒரு தீவில் விமானத்தளம் கட்டுகிறார்கள். தீவின் காட்டு விலங்குகள் மகிழ்ச்சியோடு வேலை செய்கின்றன, ஜப்பானிய எழுத்துகளைப் பாட்டாகக் கற்றுக்கொள்கின்றன. கடைசியில் பாராசூட்டில் குதித்து ஆங்கிலேயரைச் சரணடைய வைக்கிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தைக் காட்சியைப் பார்த்தால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தது நினைவுக்கு வந்தே தீரும்.

மலேசியத் தமிழனாக அந்த விலங்குகளின் பாட்டை என்னால் சும்மா கேட்க முடியவில்லை. அந்தப் படம் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்புதான் எங்கள் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றி சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. தெற்குத் தீவின் மக்கள் மகிழ்ச்சியோடு உழைத்ததாகப் படத்தில் வரைந்திருப்பது அந்தக் காலத்தைத்தான்.

படம் தொழில்நுட்பத்தில் அபாரமானது என்பதையும் சொல்ல வேண்டும். வீரர்கள் ஊர் திரும்பும் ஆரம்பப் பகுதியும், காற்றில் டேன்டலியன் விதைகள் மிதக்கிற காட்சியும் இன்றைக்கும் அழகு. குண்டுவீச்சில் எரிந்து கிடந்த ஒசாகாவில் பதினாறு வயது தெசுகா இதைப் பார்த்துக் கலங்கினார், ஒருநாள் நானும் இப்படி எடுப்பேன் என்று முடிவு செய்தார். அனிமேயின் சர்வதேச வரலாறு எழுதினால் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் கட்சி.

வெள்ளைத்திரை:

கிள்ளான்வாசி ஐயா, இதைச் சொன்னதற்கு நன்றி. ஜப்பான் போரில் தோற்ற பிறகு அந்தப் படம் தொலைந்தே போனது என்று நினைத்தார்கள். 1980களில் ஷோசிக்கு நிறுவனத்தின் கிடங்கில் நெகட்டிவ் கிடைத்தது. 2016இல் புதுப்பித்து கான் விழாவின் பழம்படப் பிரிவில் காட்டினார்கள்.

அந்தப் படத்துக்குப் பின்னால் சீனாவும் இருக்கிறது. 1941இல் ஷாங்காயில் வான் சகோதரர்கள் 'இரும்பு விசிறி இளவரசி' என்று முழுநீளப் படம் எடுத்தார்கள். ஆசியாவின் முதல் முழுநீள அனிமேஷன் அது. மறுவருடம் ஜப்பானில் ஓடியது, தெசுகா அதையும் பார்த்திருக்கிறார். ஆக்கிரமித்த நாட்டின் கலை ஆக்கிரமித்தவனுக்குப் பாடமானது. போருக்குப் பிறகு மொச்சினாகா தாதாஹிதோ என்ற ஜப்பானியர் சீனாவிலேயே தங்கி, ஃபாங் மிங் என்ற சீனப் பெயரில் புதிய சீனாவின் அனிமேஷனுக்கு அடித்தளம் போட்டார். தோக்கியோ திரும்பிய பிறகு அதே மனிதர் அமெரிக்க ராங்கின் பாஸ் நிறுவனத்துக்குப் பொம்மை அசைவுப் படங்கள் செய்தார். அமெரிக்கர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்க்கும் 1964ஆம் வருடத்து சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப் படத்தின் அசைவு வேலை தோக்கியோவில் நடந்தது!

அதே ராங்கின் பாஸுக்காக டாப்கிராஃப்ட் என்ற ஜப்பானிய ஸ்டுடியோ 1977இல் 'ஹாபிட்', 1982இல் 'தி லாஸ்ட் யூனிகார்ன்' வரைந்து கொடுத்தது. அதன் பிறகு அந்த ஸ்டுடியோ வரைந்த படம் மியாசாகியின் 'நௌசிகா', 1984. அங்கிருந்த சிலர்தான் அடுத்த வருடம் மியாசாகியின் கிப்லி ஸ்டுடியோ தொடங்கியபோது உள்ளே வந்தார்கள். அமெரிக்காவுக்குக் கூலிவேலை செய்த கைகளில்தான் கிப்லி பிறந்தது.

டோயெய் ஸ்டுடியோ பற்றியும் ஒரு வரி. 1956இல் கீழை நாட்டு டிஸ்னி ஆகவேண்டும் என்று தொடங்கினார்கள். 1958இல் முதல் வண்ண முழுநீளப் படம் 'வெள்ளைப் பாம்பின் கதை'. எடுத்துக்கொண்டது சீனக் கதை. 1961இல் அமெரிக்காவில் வெளியானது. பள்ளி மாணவனாக அதைப் பார்த்துத்தான் மியாசாகி இந்தத் தொழிலுக்கு வந்தார்.

இளவேனில்:

ரொம்ப சுவாரஸ்யமா போகுது அண்ணன்களே. ஒரு சந்தேகம். அனிமேயின் வேர் 12ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியச் சுருள்களில் இருக்கு, தவளையும் முயலும் மல்யுத்தம் செய்யுற சுருள்தான் முதல் அனிமேன்னு நிறைய பேர் சொல்றாங்களே?

வெள்ளைத்திரை:

அந்தச் சுருள்கள் அற்புதமானவை, அனிமே இயக்குநர் தகஹாதா இசாவோ அதைப் பற்றி ஆழமாகவே எழுதியிருக்கிறார். அவர் ஓவியத்தில் காலம் நகரும் விதத்தைப் பற்றிப் பேசினார், அது நியாயம். ஆனால் எண்ணூறு வருடம் அறுபடாத ஒரே ஓடை என்று சொன்னால் ஏற்க முடியாது. 1917இல் படம் எடுத்தவர்கள் அமெரிக்க, பிரெஞ்சுக் குறும்படங்களைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். அருகில் வேர் தேட வேண்டுமென்றால் தெருவில் மிட்டாய் விற்றுக்கொண்டே படஅட்டைகளை மாற்றி மாற்றிக் கதை சொன்ன கமிஷிபாய்க்காரர்களைச் சொல்லலாம். டிவி வந்த புதிதில் அதை மின்சாரக் கமிஷிபாய் என்றே கூப்பிட்டார்கள்.

ஏரிக்கரை:

மின்மினியின் கேள்விக்கு வருகிறேன். 1963ஐ நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அமெரிக்க அலை அடங்கிப் போனது. வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளை ஆஸ்ட்ரோ பாயை ஓரம் கட்டினார்கள். எழுபதுகளில் வன்முறைக்கு எதிரான பெற்றோர் அமைப்புகள் அங்கே வலுவாக இருந்தன. பெரிய வாசல் வேறு பக்கம்தான் திறந்தது.

ஐரோப்பாவில் ரோபோவுக்கு முன்னால் போனது ஒரு மலைநாட்டுச் சிறுமி. 1974இல் 'ஆல்ப்ஸ் சிறுமி ஹைடி', 52 எபிசோடு. இயக்கம் தகஹாதா, ஒவ்வொரு காட்சியின் அமைப்பும் மியாசாகி. தொடங்கும் முன் குழுவாக சுவிட்சர்லாந்து போய் வீடு, அடுப்பு, ஆட்டுப்பட்டி எல்லாம் பார்த்து வரைந்துகொண்டு வந்தார்கள். டிவி தொடருக்கு அப்படிப் போனது அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம். 1975இல் ஸ்பெயின், 1977இல் ஜெர்மனி. இன்றும் பல ஜெர்மானியர்களுக்கு ஹைடி என்றால் கண்ணில் வருவது அந்த ஜப்பானிய ஓவியம்தான். 'விக்கி', 'மாயா தேனீ' இரண்டிலும் ஜெர்மன் சேனலே பங்காளி. பிள்ளைகள் அவற்றைத் தங்கள் ஊர்ப் படம் என்றே நம்பினார்கள்.

ரோபோ வந்தபோதுதான் பெரியவர்கள் விழித்தார்கள். 1980இல் இத்தாலியின் இமோலா நகரத்துப் பெற்றோர் அறுநூறு பேர் மசிங்கருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டார்கள். பிரான்ஸில் செகொலேன் ரொயால் 1989இல் பிள்ளைகளின் தொலைக்காட்சியைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார், அதில் ஜப்பானியத் தொடர்களுக்குச் செம அடி. பின்னாளில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர் அவர். அதே பிரான்ஸில் 2024 மார்ச்சில் 'டிராகன் பால்' படைத்த அகிரா தொரியாமா இறந்த செய்தி வந்ததும் ஜனாதிபதி மக்ரோன் தனக்கு அவர் கையெழுத்திட்டுத் தந்த படத்தைப் போட்டு அஞ்சலி செலுத்தினார். கண்டனத்துக்கும் அஞ்சலிக்கும் நடுவில் முப்பத்தைந்து வருடம். அன்று டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் இன்று அந்த நாட்டை நடத்துகிறார்கள்.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் உக்கிரம். 'வோல்டஸ் ஃபைவ்' கதையில் கொம்பில்லாமல் பிறந்தவர்களை அடிமையாக்கும் ஒரு பேரரசு. கடைசியில் அடிமைகள் எழுந்து அரசைக் கவிழ்க்கிறார்கள். 1979இல், கதை முடிய ஒருசில எபிசோடுகளே பாக்கி இருக்கும்போது, மார்கோஸ் அரசு வன்முறை என்ற காரணம் காட்டி ரோபோ தொடர்களைத் தடை செய்தது. ராணுவச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு முடிவு மறுக்கப்பட்டது. 1986இல் மார்கோஸ் விழுந்த பிறகுதான் அவர்களால் அதைப் பார்க்க முடிந்தது. 2023இல் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சியே அதை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது. ஜப்பானில் அது 40 எபிசோடு ஓடி முடிந்த ஒரு சாதாரண ரோபோ தொடர். மணிலாவில் அது அரசியல் நினைவு.

பாலைக்காற்று:

சவூதியிலிருந்து எழுதுகிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கும் அரபு நண்பர்களிடம் 'கிரெண்டைசர்' என்று சொல்லிப் பாருங்கள், நாற்பது வயதுக்கு மேல் இருந்தால் உடனே பாட்டைப் பாடுவார்கள். அரபியில் அதைப் பாடியவர் சாமி கிளார்க், லெபனான்காரர். டப்பிங் நடந்தது பெய்ரூட்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். பூமிக்கு அகதியாக வந்த ஒரு இளவரசன் தன்னை ஏற்றுக்கொண்ட மண்ணைக் காக்கிறான் என்பதுதான் கதை. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளைகள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் ஏரிக்கரை சொல்லும் விலைக் கணக்கு மட்டும் போதாது.

இன்னொன்று. அவர்கள் அதைச் செம்மையான அரபியில் பேசவைத்தார்கள். தெருப்பேச்சில் செய்திருந்தால் லெபனானோடு நின்றிருக்கும். செம்மொழியில் செய்ததால் மொராக்கோ முதல் ஈராக் வரை ஒரே டப்பிங் ஓடியது. பிறகு டமாஸ்கஸில் 1992இல் வீனஸ் சென்டர், 2000இல் ஸ்பேஸ்டூன் சேனல், எல்லாம் அதே வழி. இந்தத் தொடர்களைப் பார்த்துத்தான் தரமான அரபி பேசப் பழகினோம் என்று நண்பர்கள் சொல்வார்கள்.

'கேப்டன் சுபாசா' இங்கே 'கேப்டன் மஜீத்'. 2004இல் ஜப்பானியப் படை ஈராக்கின் சமாவாவில் இருந்தபோது தண்ணீர் லாரிகளில் அந்தக் கால்பந்துப் பையனின் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார்கள். கொடியைவிட அந்த முகத்தைத்தான் மக்கள் நம்புவார்கள் என்று ஜப்பான் அரசுக்கே தெரிந்திருந்தது. 2022இல் ரியாத்தில் 33.7 மீட்டர் உயர கிரெண்டைசர் சிலையும் நின்றது.

மின்மினி:

பாலைக்காற்று எழுதியதுதான் நான் சொல்ல வந்தது. விலை கதவைத் திறந்தது, சரி. உள்ளே உட்கார வைத்தது கதை. 2018 மார்ச்சில் 'டிராகன் பால் சூப்பர்' முடிவை மெக்சிகோவில் ஊர்ச் சதுக்கங்களில் பெரிய திரை கட்டி ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்த்தார்கள். உரிமை வாங்கவில்லை என்று டோயெய் ஆட்சேபித்தும் கூட்டம் நின்றது. மலிவு என்பதற்காக யாரும் சதுக்கத்தில் கூடுவதில்லை.

அப்புறம், வெளிநாட்டில் இதை வெட்டிச் சிதைத்த கதையையும் யாராவது எழுதுங்கள்.

வெள்ளைத்திரை:

சுருக்கமாகச் சொல்கிறேன். 'நௌசிகா'வை 1985இல் அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது நிமிடம் வெட்டி, பெயரை மாற்றி, சாகசப் படமாக்கி விற்றார்கள். காட்டோடு சமாதானம் தேடும் ஒரு பெண்ணின் கதையில் சமாதானமே போய்விட்டது. அதற்குப் பிறகு கிப்லி பிடிவாதமானது, ஒரு ஃபிரேம் கூட வெட்டக் கூடாது. 'மொனோனோகே' அமெரிக்கா போனபோது தயாரிப்பாளர் சுசுகி தோஷியோ வெட்டக் கூடாது என்ற வாசகத்தோடு ஒரு வாளைப் பரிசளித்தது உலகறிந்த கதை. 1977இலேயே லாஸ் ஏஞ்சலஸில் ரசிகர் மன்றம் தொடங்கி வீடியோ கேசட்டைக் கைமாற்றியவர்கள் வெட்டாத பிரதிக்காகத்தான் அலைந்தார்கள்.

இளவேனில்:

நம்ம பக்கம் ஒரு விஷயம். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ ராமாயண அகழாய்வு பத்தி ஆவணப்படம் எடுக்க 1983ல இந்தியா வந்தவர். அதுல ஈர்க்கப்பட்டு 'ராமாயணம்: இளவரசர் ராமரின் கதை'யை ஜப்பானிய ஓவியர்களோட எடுத்தார். இந்தியப் பக்கத்திலிருந்து இயக்குநர் ராம் மோகன். ஜப்பான்காரர் நம்ம இதிகாசத்தைக் கார்ட்டூன் ஆக்குவதான்னு எதிர்ப்பு வந்துச்சு. 1992ல முடிஞ்ச படம், அயோத்திப் பதற்றத்துக்கு நடுவுல சரியான வெளியீடே கிடைக்கல. டிவியில பார்த்தவங்கதான் அதை உயிரோட வச்சிருந்தாங்க. 2025 ஜனவரியில தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்லயும் வந்தப்போ விடியற்காலைக் காட்சிக்கெல்லாம் கூட்டம். முப்பது வருஷத்துல எவ்வளவு தூரம்!

கோட்டோவியன்:

தம்பி இளவேனில், அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் பேசிவிடுவோம்.

ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் மொத்தச் சந்தை 3 லட்சத்து 34 ஆயிரம் கோடி யென். அதில் வெளிநாட்டுப் பங்கு 1 லட்சத்து 72 ஆயிரம் கோடி, உள்நாட்டைவிட அதிகம். 2020இல்தான் முதன்முதலாக வெளிநாடு முந்தியது. இது ஒரு பக்கம். அனிமேட்டர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இன்பிட்வீன் வரைபவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். தோக்கியோவில் அதை வைத்து வாடகை கட்டிச் சாப்பிட முடியாது. ஓவியத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் இருநூறு யென் பக்கம். கை வலித்து ஒருநாள் உட்கார்ந்தால் அன்று வருமானம் கிடையாது. இந்த வலி எனக்குத் தெரியும்.

நடுவில் இருப்பது தயாரிப்புக் குழு முறை. பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாரும் சேர்ந்து பணம் போடுவார்கள், உரிமை அவர்களுடையது. தோற்றால் நஷ்டம் பங்கு பிரியும், அதனால்தான் துணிச்சலான கதைகள் வருகின்றன. ஆனால் வரைந்த ஸ்டுடியோ பங்கு போடாவிட்டால் அதற்கு ஒப்பந்தத் தொகை மட்டும்தான். உலகமே கொண்டாடினாலும் அதற்கு மேல் ஒரு யென் கிடைக்காது. தெசுகா தொடங்கிவைத்த கணக்கு இன்னும் தீரவில்லை.

எழுபதுகளிலிருந்தே வேலை கொரியாவுக்குப் போனது. 1986 முதல் டோயெய்க்கு மணிலாவில் கிளை. ஏரிக்கரை, உங்கள் 'வோல்டஸ் ஃபைவ்' பிள்ளைகளின் தலைமுறைதான் அங்கே உட்கார்ந்து 'டிராகன் பால்', 'செய்லர் மூன்' ஓவியங்களை வரைந்தது. எண்ட் கிரெடிட் வேகமாக ஓடும்போது நிறுத்திப் படியுங்கள், பிலிப்பைன்ஸ் பெயர்கள் வரிசையாக வரும்.

கிள்ளான்வாசி:

கோட்டோவியன், கியோட்டோ அனிமேஷனைச் சொல்லாமல் விடலாமா? 1981இல் செல் எனும் ஒளிபுகும் தாளில் வண்ணம் தீட்டும் இல்லத்தரசிகளைக் கொண்டு ஆரம்பித்த இடம். தோக்கியோவை விட்டு விலகி, ஓவியத்துக்குக் கூலி என்ற முறையை விட்டு, மாதச் சம்பளம் கொடுத்து, சொந்தப் பள்ளி வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்கள் அதிகம். அவர்கள் படத்தில் ஒரு பாத்திரம் ஷூ லேஸ் கட்டுவதைக்கூட எவ்வளவு பொறுமையாக வரைந்திருப்பார்கள்! கூலி முறை மாறினால் வரையும் விதமே மாறும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2019 ஜூலை 18 அன்று அங்கே தீ வைக்கப்பட்டு 36 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்கத் திரண்டு அனுப்பிய நன்கொடை 300 கோடி யென்னைத் தாண்டியது. அவர்கள் மறுபடியும் வரைகிறார்கள்.

கோட்டோவியன்:

ஆம் ஐயா. அந்த இரவு எங்கள் ஸ்டுடியோவில் யாரும் பேசவில்லை. வேறு வழிகளும் வருகின்றன. 'டீமன் ஸ்லேயர்' குழுவில் மூன்றே பங்காளிகள், அதில் ஒருவர் வரைந்த யூஃபோடேபிள் ஸ்டுடியோவே. 'செயின்சா மேன்' தொடருக்கு 2022இல் மாப்பா ஸ்டுடியோ முழுப் பணத்தையும் தானே போட்டது. உரிமை வரைபவரிடம் இருந்தால் பேரம் பேசலாம். இளைஞர்களின் சம்பளம் மேலே ஏறுகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏரிக்கரை:

கோட்டோவியன் சொன்ன பிறகு என் வாதத்தை இப்படி வைக்கிறேன். உலகத்துக்கு மலிவாகக் கிடைத்தது என்றேன், அந்த மலிவை ஈடுகட்டியவர் அந்த வரைமேசையில் இருந்தவர். மின்மினி சொல்லும் கதையின் பலத்தையும் அவரே வரைந்தார்.

இளவேனில்:

போர்க்காலப் படம், 1917 படம் எல்லாம் எங்கே பார்க்கலாம்? டவுன்லோட் லிங்க் வேண்டாம், முறையா பார்க்கணும்.

வெள்ளைத்திரை:

1917 படத்துக்கு வழி இருக்கிறது தம்பி. நூற்றாண்டையொட்டி ஜப்பானின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2017இல் ஒரு இணையதளம் திறந்து 64 பழைய படங்களை இலவசமாக வைத்தது. 'நமகுரா கதானா' அதில் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டியும் உண்டு. மொமோதாரோ படத்தைப் புதுப்பித்த பிரதியில் பாருங்கள், பழைய பிரதிகள் மங்கல். பார்த்துவிட்டு கிள்ளான்வாசி ஐயாவின் பதிவை இன்னொருமுறை படியுங்கள்.